காசிம் பாய் பார்த்ததும் நான் எழுதாததும்

செவ்வாய்க்கிழமை காலை மேலப்பாளையம் டவுன் பஸ்ஸில் ஏறியதும், நடத்துநர் சீட்டைக் கிழிக்காமல் என் முகத்தையே பார்த்தார். "ஒங்களுக்குத் தகவல் வரலியா சார்? காசிம் பாய் விடியக்காலம் மௌத்தாயிட்டாக. நெஞ்சு வலின்னு சொன்னாகளாம். ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றார். நான் "அப்படியா" என்றேன். ஜங்ஷனுக்குச் சீட்டும் வாங்கிக்கொண்டேன். இரண்டு நிறுத்தங்கள் கடந்த பிறகுதான், இறங்கித் திரும்பிப் போக வேண்டும் என்பது எனக்கு உறைத்தது. எதையும் தாமதமாகச் செய்வது என் குணம். இந்த அஞ்சலியும் தாமதம்தான்.

ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காசிம் பாய் வளைகுடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டியவர். ஊர் திரும்பிய பின் வண்ணார்பேட்டையில் ஒரு பட்டறைக்கு, அதே இயந்திரங்களைப் பழுது பார்க்கப் போய்வந்தார். நான் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஜங்ஷனில் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரங்களை ஒப்புநோக்கித் தருகிறேன். பல ஆண்டுகளாக ஒரே பஸ், பெரும்பாலும் ஒரே இருக்கை. அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். தலையாட்டும்போதும் யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வேன்.

விலைவாசி, தேர்தல், புதிதாக முளைத்த பணக்காரர்கள் என்று எங்கே தொடங்கினாலும் அவர் பேச்சு ஓர் ஆளிடம் வந்து நிற்கும். இந்தக் கட்டுரையின் முதல் பிரதியில் 'ஒரு பிரமுகர்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். அந்த ஆள் எங்கள் பகுதியில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் சங்கரபாண்டியன். ஆட்சி மாறும்போதெல்லாம் கட்சி மாறுகிறவர். "ஆட்சி மாறினா நமக்கு வெலவாசி மாறுது வே, அவனுக்கு வேட்டிக்கரை மாறுது. வேட்டி என்னமோ அதே வேட்டிதான்" என்பார் காசிம் பாய். பஸ்ஸே சிரிக்கும். நான் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசிக் காலை. ரயில்வே கேட் போட்டிருந்தது. பஸ் வெகுநேரம் நின்றது. ஜன்னல் வழியே மண்டபத்தின் பின்பக்கம் தெரிந்தது. அங்கே வாய்க்கால் ஓடும், அதாவது அதுவரை ஓடியது. மஞ்சள் இயந்திரம் ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. சங்கரபாண்டியன் குடை பிடித்துக்கொண்டு கையை நீட்டி நீட்டி இடம் காட்டினார். எனக்கு அது வெறும் இயந்திரம். காசிம் பாய் என் தொடையில் தட்டினார்.

"சார், இங்கன பாருங்க. தூர் வாருதவன் பக்கெட்ட உள்ள விட்டு மண்ணை மேல இழுப்பான். இவன் கரையில கெடக்குற கட்டட இடிபாட்ட உள்ள தள்ளுதான். இது தூர் வாருதது இல்ல சார். வாய்க்கால மூடுதான்."

அவர் சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. செங்கல், காரைக்கட்டிகள், உடைந்த குழாய் எல்லாம் வாய்க்காலுக்குள் சரிந்தன. தண்ணீர் ஒதுங்கிக் கலங்கியது. கேட் திறக்கும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிற்பாடு சங்கரபாண்டியன், தன் கைக்காசில் வாய்க்காலைத் தூர் வாரியதாகச் சுவரொட்டி அடித்து ஒட்டினார். மூடிய இடத்தின் மேல் மண்டபத்துக்குப் புதிதாகச் சாப்பாட்டுக் கூடம் எழுந்தது.

அதே மாதம் பஸ்ஸில் ஒரு தகராறு. மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டு வந்தார். பீடிக்கட்டுகளோடு உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, "ஓசி டிக்கெட்டெல்லாம் உக்காந்து வருது, காசு குடுத்தவன் நிக்கான்" என்றார்.

காசிம் பாய் திரும்பினார். "என்ன வே, இவுக ஓசியில போறது ஒமக்கு உறுத்துதோ? அங்கன ஒருத்தன் வாய்க்காலையே ஓசியில அமுக்கிக் கூடம் கெட்டுதான். அதப் பாத்தா உறுத்தலியோ?"

"நீரு யாருவே அதக் கேக்க?"

"நான் அடுத்த ஸ்டாப்புல எறங்குத ஆளு இல்ல. ஜங்ஷன் வரைக்கும் வருவேன். பைய பேசுவோம், வாரும்."

"நல்லாக் கேளுங்க பாய்" என்றார் ஒரு பெண். "நாங்க உக்காந்தா மட்டும் சீட்டு தேஞ்சிருதாம்."

மடிப்புச் சட்டைக்காரர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். அவர் போக வேண்டிய இடம் அதுதானா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்.

ஐப்பசியில் மழை வலுத்தது. போக வழியில்லாத வாய்க்கால் தண்ணீர், காசிம் பாயின் தெரு உட்பட நான்கு தெருக்களுக்குள் புகுந்தது. அவர் வீட்டு அடுப்படியில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் அவர் மனைவி வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அந்த அம்மா அதற்குப் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. மறுநாள் சங்கரபாண்டியன் சாம்பார் சாதப் பொட்டலங்களோடு தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு பொட்டலத்திலும் அவர் கைகூப்பிச் சிரிக்கும் படம் ஒட்டியிருந்தது. காசிம் பாய் ஒரு பொட்டலம் வாங்கினார். சாதத்தை நாய்க்குப் போட்டார். படத்தைக் கிழியாமல் உரித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மறுநாள் காலை பஸ்ஸில், ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் 'திருடர்கள் ஜாக்கிரதை' என்று எழுதியிருந்ததற்கு நேர் கீழே அதை ஒட்டினார். நடத்துநர் பார்த்தும் பார்க்காதவர் போலப் போனார். ஏழு நாள் அந்தப் படம் அங்கே இருந்தது. அந்த ஏழு நாளும் நாங்கள் அதற்கு எதிரே உட்கார்ந்து பயணம் செய்தோம். என் வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான பஸ் பயணங்கள் அவை.

இனி எழுதப் போவது என்னைப் பற்றியது.

வாய்க்காலைத் திறக்கக் கோரி மனு கொடுக்க அவர் முடிவு செய்தார். "நீங்க எழுதுங்க சார், நான் கையெழுத்துப் போடுதேன்" என்றார். மூன்று வரைவு எழுதி நான்காவதைப் படியெடுத்தேன். நடந்ததை விவரித்த பிறகு இப்படி முடித்தேன்: 'மேற்படி நபர் இயந்திரம் கொண்டு கால்வாயை மூடியதாகத் தெரிய வருகிறது.' பஸ்ஸில் அதைப் படித்துக் காட்டியபோது காசிம் பாய் நெற்றியைச் சுருக்கினார்.

"நான் பாத்தேன்னு போடலியா சார்?"

"இதுதான் முறை பாய். அலுவலக நடை."

தெரிய வருகிறது. பணியில் இருந்த காலமெல்லாம் நான் எழுதிய சொல் அது. அதில் பார்த்தவனும் கிடையாது, சொன்னவனும் கிடையாது. விஷயம் தானாகத் தெரிய மட்டும் வரும். நாளை யாரும் நம்மைக் கேள்வி கேட்க முடியாது. என்னைக் காப்பாற்றிக் காப்பாற்றிப் பழகிய சொல்லை, நான் யோசிக்காமலே அவருடைய மனுவில் வைத்துவிட்டேன். யோசிக்காமலா என்பதிலும் எனக்கு இப்போது நிச்சயமில்லை.

விசாரணைக்கு அழைப்பு வந்தது. துணைக்கு நானும் போய்க் கதவோரம் நின்றேன். சங்கரபாண்டியன் தூர் வாரியதாகச் சொல்லிப் படங்கள் கொடுத்திருந்தார். இயந்திரம் நின்றது படத்தில் இருந்தது. மண் எந்தப் பக்கம் போனது என்பது படத்தில் இல்லை. அதைப் பார்த்த ஆள்தான் சொல்ல முடியும். அலுவலர் மனுவை முழுவதும் படித்துவிட்டு, "தெரிய வருகிறதுன்னுதான இருக்கு. யார் சொல்லித் தெரிய வந்துச்சு?" என்று கேட்டார்.

"நானே பாத்தேங்க."

"பாத்திருந்தா அப்பவே எழுதியிருப்பீங்களே. சரி, கூட வேற யாராவது பாத்தாங்களா?"

நான் இருந்தது ஐந்தடி தூரத்தில். காசிம் பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். அது அவருக்குத் தெரியும். "வேற யாரும் இல்லைங்க" என்றார்.

செவிவழிச் செய்தி என்று மனு தள்ளுபடியானது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "ஒங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார். அதனாலதான் அவன் ஒரு வரி விடாமப் படிச்சிட்டான்." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு அவர் அந்த மனுவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவரை அடக்கம் செய்த மறுநாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் நின்றது. மூலையில் தபால்தலை அளவுக்குக் காசிம் பாய். நடுவில் ஆளுயரத்துக்குச் சங்கரபாண்டியன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் புகழஞ்சலிக் கூட்டம் என்றும் போட்டிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அவரே காரை நிறுத்தி இறங்கினார். "நீங்களும் நாலு வார்த்தை பேசணும் சார். ஒங்கள மாதிரி நிதானமான ஆளு பேசினாத்தான் நல்லாருக்கும்" என்றார். இதைவிடப் பெரிய அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை. இவரால் ஆபத்து இல்லை என்று அந்த ஆள் என்னைச் சரியாகவே எடைபோட்டிருந்தார்.

காசிம் பாய் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா, கணவரை இழந்தவர் வெளியாரைப் பார்க்காமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் திரைக்குப் பின்னால் கட்டிலில் இருந்தபடியே பேசினார். கூட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"அவுகளுக்கு ஒங்க மேல கோவமே கெடையாது சார். 'பாவம், பயந்த மனுசன்'ம்பாக" என்றது குரல். பிறகு, "எனக்கு உண்டு" என்றது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கூட்டத்தை அந்தப் புதுக்கூடத்தில்தான் வைத்திருந்தார்கள். சங்கரபாண்டியன் பேசினார். பாய் தனக்கு அண்ணன் மாதிரி என்றார். யாரோ கொடுத்த தவறான தகவலால் மனம் சங்கடப்பட்டிருந்தவர், கடைசிக் காலத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார் என்றார். பச்சைப் பொய். இறந்தவரின் வாயில் தன் சொற்களை வைக்கிறார். அடுத்து என்னை அழைத்தார்கள். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துவிட்டுச் சொன்னேன். "நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தரைக்குக் கீழே வாய்க்கால் இருக்கிறது. இவர் ஆள் வைத்து அதை மூடினார். காசிம் பாய் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும்..."

ஒலிபெருக்கி நின்றுபோனது.

"மைக்க எதுக்குலே அமத்துதிய?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். பீடிக்கட்டோடு பஸ்ஸில் வரும் அதே பெண். "சார், நீங்க சத்தமாச் சொல்லுங்க. எங்களுக்குக் கேக்கும்."

நான் சத்தமாகச் சொன்னேன். "நானும் பார்த்தேன்." குரல் கிறீச்சிட்டது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. சங்கரபாண்டியனின் முகத்தை அப்போது நான் நன்றாக, நிதானமாகப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விழுந்ததைக் கண்டு எனக்கு உண்டான இன்பத்தை எழுத வெட்கப்பட வேண்டும். வெட்கமாக இல்லை.

அன்று மாலை அவருடைய ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து, "வயசான காலத்துல ஒங்களுக்கு எதுக்கு சார் இந்த வம்பு?" என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போனார். கதவைத் தாழிட்டேனா என்று மூன்று முறை எழுந்து பார்த்தேன். ஆனாலும் மறுநாள் திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டேன். என் பெயரில், என் முகவரியோடு. பார்த்தேன் என்ற சொல் அதில் ஐந்து இடத்தில் வருகிறது. விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஐப்பசிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. அந்த அம்மா இன்னும் அதே வீட்டில், அதே தாழ்ந்த தெருவில்தான் படுத்திருக்கிறார்.

காசிம் பாய் என்னை மன்னித்தார். நான் கேட்காமலே மன்னித்தார். சங்கரபாண்டியனை அவர் மன்னிக்கவில்லை. இறப்பதற்கு முந்தின நாளான திங்கட்கிழமை வரை, பட்டறைக்குப் போன கடைசி நாள் வரை, பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டினார். முதலாவதற்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. இரண்டாவதைத்தான் அவர் எனக்கு விட்டுப்போனதாக எடுத்துக்கொண்டேன். மன்னிக்காமல் இருப்பது எனக்குப் புதுப் பழக்கம், காலையில் எழுந்ததும் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது. அந்தக் கூடத்தை இடிக்க ஒருநாள் மஞ்சள் இயந்திரம் வரும். அன்றைக்கு நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகமாட்டேன். இறங்கி நின்று பார்ப்பேன்.