தலையில் வைத்த கை

அன்று வேனில் பாட்டு ஓடவில்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். திருப்புலிவனத்தில் நான் ஏறும்போது எப்போதும் ஏதாவது சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் ஏழுமலை அண்ணன் கண்ணாடியில் பார்த்துத் தலையசைப்பார். அன்று அவர் முழுதாகத் திரும்பிப் பார்த்தார்.

"வேதவல்லி அக்கா போயிடுச்சிம்மா. ஆபரேஷன் பண்ணி ரெண்டு நாள் இருந்துச்சி. காலையில முடிஞ்சிடுச்சி."

சரி என்று சொல்லிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஷூ கம்பெனியில் அவரோடு ஒரே மேசையில் நூல் பிசிறு வெட்டிய உங்களுக்கு அக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சூப்பர்வைசரையே, "இன்னா நைனா, மொகம் ஒரு மாதிரியா கீது, வூட்ல நாஷ்டா கெடைக்கலையா?" என்று கேட்டவர். பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டு வேலைக்கு வந்த நான், முதல் மாதம் முழுக்க அவர் பக்கத்தில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இதுக்கு வாய் கீதான்னு யாருனா தொறந்து பாருங்கடி" என்பார். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

போன மழைக்காலத்தில் எனக்கு வயிற்று வலி வந்தது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது பக்கம் இறங்கியது. வீட்டில் சூட்டு வலி என்று வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாளும் வேலைக்குக் கிளம்பினேன். வேன் படியில் நான் குனிந்தபடி ஏறியதை அக்கா பார்த்துவிட்டார். சீட்டில் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டார், நெற்றியைத் தொட்டார்.

"ஏழுமல, வண்டிய ஆஸ்பத்திரிக்கு வுடு."

"கம்பெனிக்கு லேட்டாயிடும்க்கா."

"ஆவட்டும். கேட்டா வேதவல்லி சொன்னான்னு சொல்லு."

குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. இன்னும் அரை நாள் தள்ளியிருந்தால் கஷ்டம் என்று என் அம்மாவிடம் டாக்டர் சொன்னாராம்.

ஆபரேஷன் முடிந்த பிறகு டாக்டர் தினமும் காலையில் வந்து, "காத்து பிரிஞ்சதாம்மா?" என்று கேட்பார். பிரிந்தால்தான் குடிக்கத் தண்ணீரே தருவார்கள். மூன்றாம் நாள் பிரிந்தது. ஆனால் அத்தனை பேர் நடுவில், அதுவும் ஆம்பளை டாக்டரிடம், எப்படிச் சொல்வது? இல்லை என்று தலையாட்டினேன். உதடு வெடித்துக் கிடந்தது. அன்று மத்தியானம் பார்க்க வந்த அக்கா எப்படியோ என் வாயிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டார். உடனே வார்டு முழுக்கக் கேட்கும்படி, "சிஸ்டர், இந்த மகராசிக்கு காத்து காலையிலயே பிரிஞ்சிடுச்சாம். வெக்கப்பட்டுக்கினு பட்டினி கெடக்குறா" என்றார். எதிர்க் கட்டிலில் இருந்த அம்மாள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். போர்வைக்குள் அக்காவின் குரல் வந்தது. "ஆஸ்பத்திரிக்கு வந்தா வெக்கத்தையும் செருப்பு கூட வெளிய வுட்டுட்டு வரணும் கண்ணு."

இரும வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமச் சொன்னார். பத்தாம் நாள் தையல் பிரித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்ப வேலைக்கு வந்த பிறகு மூன்று மாதம் என்னை ஒரு பெட்டிகூடத் தூக்க விடவில்லை. என் பங்குப் பெட்டிகளையும் அவரே தூக்கினார். அவர் தொப்புளருகே பிரசவக் காலத்திலிருந்து ஒரு குடலிறக்க வீக்கம் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

அது எனக்குத் தெரிந்தது ஒரு வியாழக்கிழமை. கம்பெனி பாத்ரூமில் அக்கா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். புடவைக்கு மேலே துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"படுத்தா உள்ள போய்டும். இன்னிக்குப் போவ மாட்டேங்குது" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா."

"ஞாயித்துக்கெழம சரண்யாவுக்கு வளைகாப்பு. அவ மாமியா சங்கதி உனக்குத் தெரியாது. நான் போய்ப் படுத்துக்கினா, அம்மாக்காரி ஆஸ்பத்திரில கெடக்குறா, வளைகாப்பு எதுக்குன்னு நிறுத்திடுவா. அப்புறம் எட்டாம் மாசம் ஆவாதும்பா. எம்பொண்ணு பிரசவத்துக்கு என் வூட்டுக்கு வர மாட்டா. திங்கக்கெழம காலையில நானே போறேன். அதுவரைக்கும் கம்முனு இரு."

அவர் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால், யார் தலையோ அவருக்குத்தான் ஆபத்து என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அந்த மூன்று நாளும் வாயைத் திறந்தால் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றே பயந்தேன். பேசாமல் இருந்து அவர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். உங்களில் சிலர் இதைப் படித்துவிட்டுச் சின்னப் பெண், பாவம் என்பீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள். சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும், பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில் அக்கா எல்லோருக்கும் புளிசாதமும் தயிர்சாதமும் பரிமாறினார். ஒரு வாய் சாப்பிடவில்லை. ஜாக்கெட் முதுகெல்லாம் வியர்வை. என் முறை வந்தபோது சரண்யாவின் கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டேன். என் வாய் அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நகர்ந்து அடுத்தவருக்கு வழி விட்டேன்.

திங்கட்கிழமை காலை அக்கா தானாகப் போகவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். வீக்கத்தில் சிக்கிய குடல் அழுகிவிட்டது என்றார்கள். புதன்கிழமை வேனில் பாட்டு ஓடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாம் எல்லோரும் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவும்போது சரண்யா வந்து, "கம்பெனில யாராண்டையும் அம்மா வலிக்குதுன்னு சொல்லலையாக்கா?" என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். இல்லையே என்றீர்கள். நீங்கள் சொன்னது உண்மை. உங்கள் பின்னால் நின்று நானும் தலையாட்டினேன். அது பொய்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த உடம்பு. குளிக்கும்போது தழும்பில் கை படுகிறது. ஒரு வேனைத் திருப்பச் சொல்லி அவர் வாங்கிக் கொடுத்த உடம்பு இது. அதை வைத்துக்கொண்டு அவர் மகளிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று தினமும் தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாக உத்திரமேரூருக்கு பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். சரண்யா கூடத்தில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். "வா, உக்காரு" என்றாள். நான் உட்காரவில்லை. வியாழக்கிழமையிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.