ஒட்டகக்காவின் 'மற்றவை'

தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, அதைத் தொடாமல் கணினியில் 'மற்றவை' என்ற ஃபோல்டரைத் திறப்பாள் ஒட்டகக்கா. அதில் வந்து விழுந்திருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் அனுப்பும் கோப்புகளை வகை பிரித்து மருத்துவமனைகளுக்குச் சேர்க்கும் நிறுவனம் அது. பிரிக்கும் நிரலை ஜாவாவில், கேமல் என்ற கட்டமைப்பைக் கொண்டு எழுதியவள் அவள். கேமல் என்றால் ஒட்டகம்; ஆகவே அலுவலகத்துக்கே அவள் ஒட்டகக்கா. கோப்பின் பெயர் எக்ஸ்எம்எல் என்று முடிந்தால் ஒரு வழி, சிஎஸ்வி என்று முடிந்தால் இன்னொரு வழி, எதிலும் சேராதது 'மற்றவை'க்கு. வீட்டிலும் இதே புத்திதான். துணி மடிக்கும்போது ஜோடி இல்லாத காலுறையைக் கணவன் தூக்கிப் போட விடமாட்டாள். "அதுக்கும் ஒரு கால் இருக்கும்ல" என்பாள்.

இன்று ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தின் கோப்பு அங்கே கிடந்தது. அவர்களுடைய புது இயந்திரம் கோப்பின் பெயரில் சிஎஸ்வி என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போடுகிறது. அவளுடைய விதிக்கோ சின்ன எழுத்து மட்டும்தான் தெரியும். உள்ளே யாரோ ஒரு பெரியவரின் ரத்தத்தில் பொட்டாசியம் அபாய அளவில் இருந்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டு, அவரை வரவழைத்துவிட்டார்கள் என்று தெரியும்வரை லைனை விடவில்லை. விதியைத் திருத்திவிட்டு மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"அதான் சரி பண்ணியாச்சே. அந்த ஃபோல்டர்ல வர்றது பூரா குப்பை. தானா டெலீட் ஆகுற மாதிரி பண்ணிடுங்க. இடத்த அடைக்குது."

வந்ததே அவளுக்குக் கோபம். "ஒரு நாளாவது திறந்து பாத்திருக்கீங்களா சார்? நமக்குப் புரியலேன்னா குப்பையா? உங்க அப்பா ரிசல்ட் அதுல கிடந்தா இப்படிச் சொல்வீங்களா?"

"எமோஷனல் ஆகாதீங்க. அதையெல்லாம் பாக்க யாருக்கு நேரம் இருக்கு?"

ஆறிப்போன சோற்றைத் தின்றுகொண்டு இத்தனை காலமும் அவள்தான் பார்க்கிறாள். இடத்தை அடைக்கிறதாம். ஒரு மனுஷனின் உயிர் இவருக்கு இடத்தை அடைக்கிறதாம்.

இருக்கைக்குத் திரும்பியவள் அழிக்கும் வரியை எழுதவில்லை. 'மற்றவை'க்குப் போகிற ஒவ்வொன்றும் இனி மேலாளரின் மெயிலுக்கும் போகட்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். கொஞ்ச நேரத்தில் மேலாளரின் கண்ணாடி அறைக்குள் மெயில் வந்து 'டிங்' என்றது. மறுபடியும் 'டிங்'. மேலாளர் நிமிர்ந்து கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார்.

அவள் டப்பாவை அவருக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, மூடியை மெதுவாகத் திறந்து காட்டினாள்.