மழை வருது, துணி எடுங்க

என் மனைவியின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் டாக்டர் சொன்ன அன்று, பஸ்சில் தக்கலை வந்து சேரும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச்சை மிச்சம் பிடிக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. மென்பொருள் பகிர்கிற ஒரு தமிழ் இணையக் குழுவில் சும்மா படித்துவிட்டுப் போவேன், எதுவும் எழுதியதில்லை. அதில் குலசேகரத்துக்காரர் ஒருவர், வளைகுடாவில் வேலை பார்ப்பவர், பேச முடியாதவர்களுக்காக ஒரு மென்பொருள் செய்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்பே பதிந்து வைத்த ஒவ்வொரு சொல்லுக்கும் திரையில் ஒரு பொத்தான் வரும். அமுக்கினால் அவரவர் குரலிலேயே கேட்கும். எழுதி எழுதி அழித்து, கடைசியில் அவருக்கு அனுப்பினேன். பதிந்து அனுப்புங்கள், நானே சேர்த்துத் தருகிறேன் என்று உடனே பதில் வந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே மைக் வைத்துப் பதிந்தோம். தண்ணி, உப்பு, வலிக்கு, போதும். என்னைக் கூப்பிடுகிற ‘இஞ்சேருங்க’ வந்தபோது மட்டும் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. இன்னும் என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டேன்.

“உங்கள ஏசுறதையும் பதியணும்ணா இந்தப் பெட்டியில இடம் காணாது.”

அப்போது ஓட்டின்மேல் சடசடவென்று விழுந்தது. “மழை வருது, துணி எடுங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவளே ஓடினாள். அதுவும் பதிவாகியிருந்தது. அழிக்க மனம் வரவில்லை. அந்த முழு வாக்கியத்தையே கோப்புக்குப் பெயராக வைத்தேன். மற்றவற்றுக்கும் தமிழில்தான் பெயர்.

எல்லாவற்றையும் ஒரே ஜிப் (zip) கோப்பாகச் சுருக்கி, கோப்பு பகிர்கிற ஒரு தளத்தில் ஏற்றினேன். பாதியில் நெட் போயிற்று. கோப்பு கெட்டிருக்கிறது என்று அவர் எழுதினார். துண்டுகளாகப் பிரித்து அனுப்பினேன். ஒரு துண்டு சேரவில்லை. மறுபடி முழுசாக அனுப்பினேன். ஒருவழியாகக் கிடைத்துவிட்டது என்று அவர் எழுதிய பிறகுதான் ஆபரேஷனுக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போது டெலிபோன் வயர் வழியாக இடி இறங்கி வீட்டுக் கம்ப்யூட்டர் கருகிப்போனது. அவரிடம் இருக்கிறதே என்று நான் பதறவில்லை.

திரும்பி வந்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, அவர் அனுப்பியதை அதில் போட்டேன். கழுத்துக் கட்டோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் நான்கைந்து பொத்தான்களே இருந்தன. எதிலும் பெயர் இல்லை, வெறும் கோடுகள். ஒன்றை அமுக்கினாள். “உப்பு” என்றது. சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ‘இஞ்சேருங்க’ இல்லை.

குலசேகரத்துக்காரர் போனில் விளக்கினார். ஜிப்பில் தமிழ்ப் பெயர்கள் நிற்கவில்லை. அவர் பிரித்தபோது ஒவ்வொரு எழுத்தும் ஒரு கோடாகிவிட்டது. ஒரே நீளமுள்ள சொற்களுக்கெல்லாம் ஒரே பெயர். பழையதன்மேல் எழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. நான் பலதடவை அனுப்பியிருந்ததால், முன்பு வந்த கெட்ட பிரதிகள்தான் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் சரி கொடுத்திருக்கிறார். ஜிப்பையும் அழித்துவிட்டார். ஏற்றிய தளத்திலும் கெடு முடிந்து அது போயிருந்தது.

“அண்ணே, ஒண்ணுக்கு மேல ஒண்ணா நானாக்கும் அழிச்சது” என்றார்.

“போட்டும் மக்கா” என்றேன்.

மழை வாக்கியம் தப்பியிருந்தது. அவ்வளவு நீளமான பெயர் வேறெதற்கும் இல்லை.

பிறகு அதுவே அவள் என்னைக் கூப்பிடுகிற சொல் ஆயிற்று. மருந்துக்கு, சாப்பிட, வாசலில் ஆள் வந்தால், எல்லாவற்றுக்கும் அந்தப் பொத்தான்தான். பங்குனி வெயிலில் “மழை வருது, துணி எடுங்க” என்று கேட்கும். நான் போவேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி தன் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கோபம் வந்தால் விடாமல் அமுக்குவாள். ஏசுவதும் அப்படித்தான்.

அடுத்த வருஷம் அவள் போய்விட்டாள்.

அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் உடையாதபடி ஆங்கில எழுத்தில் பெயர் கொடுத்தேன். திறந்து கேட்டதில்லை. இப்போதெல்லாம் நிஜமாகவே மழை வந்தால், துணி நனைந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது.