ஜெபராஜ் ஒட்டிய அட்டை

"சார், நா இல்லாத அன்னைக்கும் அது ஓடணும். அப்போ எதை எடுக்க?"

என்னிடம் இப்படிக் கேட்ட ஜெபராஜ் நேற்று மாலை போய்விட்டார். மாரடைப்பு. நாற்பத்தாறு வயது.

அருள்புரத்தில் எனக்கு எதிர்வீடு. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இங்கே ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர்களை எல்லாம் பார்த்துக்கொண்டவர். அவர் மனைவி ரூபிக்கு அதே கம்பெனியில், தைத்த துணியைச் சோதிக்கும் செக்கிங் வேலை.

அவர் கேட்டது இதைத்தான். கம்பெனியில் நான்கு பழைய கம்ப்யூட்டர்கள். பேட்டர்ன் வரைய ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, ஷிப்மென்ட் பேப்பருக்கு ஒன்று. நான்கும் இழுத்துக்கொண்டு கிடந்தன. ஒரே பெரிய மெஷினை வாங்கி, அதற்குள் நான்கையும் விர்ச்சுவல் மெஷின்களாகக் குடிவைக்க நினைத்தார்.

புரியாதவர்களுக்கு ஒரு உதாரணம். நம்மூர் லைன் வீடு. ஒரே அஸ்திவாரம், நான்கு குடித்தனம். ஒரு வீட்டில் சண்டை நடந்தாலும் அடுத்த வீட்டில் சோறு வேகும்.

அந்த அஸ்திவாரத்துக்கு, அதாவது மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருளாக, எந்த லினக்ஸைப் போடுவது? எல்லாமே இலவசம்தான்... ஆனால் ஏகப்பட்ட வகை.

நான் வாத்தியார் இல்லையா, உடனே பதில் சொல்லிவிட்டேன். "எது புதுசோ அதையே போடுங்க. புதுப் பாடத்திட்டம் வந்தப்புறம் பழைய புக்கை யாருங்க படிப்பாங்க?"

அவர் சிரித்தார். "பாடத்திட்டம் மாத்துன வருசம் என்னைக்காவது நீங்க நிம்மதியா இருந்தீயளா சார்?"

கழித்துப் போட்ட மூன்று கம்ப்யூட்டர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்றிலும் மூன்று வகை லினக்ஸ். "சாம்பிள் ஓகே ஆகாம மொத்தத் துணியையும் வெட்டுவாங்களா சார்?" என்றார். ஒரு மாதம் ஓடவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே போய் பிளக்கைப் பிடுங்குவார். மறுபடி தானாக எழுந்து வருகிறதா என்று பார்ப்பார்.

ரூபி என்னிடம் முறையிட்டது இன்னும் காதில் இருக்கிறது. "கரண்ட் போனா ஊரே ஏசுது. இந்த மனுசன் தானா பிடுங்குதாரு, நீங்களே கேளுங்க சார்!"

கடைசியில் அந்த மூன்றில் டெபியன் என்ற வகையை எடுத்தார். மற்ற இரண்டில் ஒன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வரும், பழையதை ஒரு வருடத்தில் கைவிட்டுவிடுவார்கள். டெபியன் மெதுவாகத்தான் மாறும். அதை அவர் வேறு மாதிரி சொன்னார்.

"என்னென்ன செய்யணும்னு ஒரு அட்டையில எழுதி ஒட்டப்போறேன் சார். அந்த அட்டை சீக்கிரம் பொய்யாயிரக் கூடாது."

எழுதினார். சட்டை மடிப்புக்குள் வைப்பார்களே, அந்த அட்டையில், பெரிய எழுத்தில், தமிழில். ஒன்பது வரி. என்னிடம் திருத்த வந்தது. பிறகு ரூபியின் கையில் கொடுத்து, "நா வெளிய நிக்கேன். நின்னுபோன மெஷினை நீ ஓட வை" என்றார். ஓடும்வரை திரும்பத் திரும்ப... ரூபி எத்தனை முறை செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஓசியில வந்ததுக்கு இத்தனை சீராட்டா?" என்று நானும் கேட்டிருக்கிறேன். அன்று அவர் சிரிக்கவில்லை.

சர்வர் ரூம் கதவின் உட்புறம் ஒட்டினார். துணி வாங்கும் பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றதும் மேனேஜர் கிழிக்கச் சொன்னார். குப்பை மாதிரி இருக்கிறதாம். மறுபடி ஒட்டினார். அடுத்த ஆடிட்டுக்கு மறுபடி கிழித்தார்கள். மூன்றாவது அட்டையை எழுதி என்னிடம் தந்தார். "உங்ககிட்ட கிடக்கட்டும் சார்."

இன்று காலை மேனேஜர் ஜெபராஜ் வீட்டுக்கு வந்தார். மலர்வளையத்தோடு வந்திருக்கிறார் என்று டிரைவர் சொன்னார். கையில் போன் மட்டும்தான் இருந்தது.

ஷிப்மென்ட் மெஷின் நின்றுவிட்டதாம். கண்டெய்னர் தூத்துக்குடிக்குப் போக வேண்டுமாம். ஜெபராஜின் சவப்பெட்டியும் அங்கேதான் போக வேண்டும்.

"ஏனுங்கம்மா, பாஸ்வேர்டு என்னன்னு ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாருங்களா?"

ரூபி நிமிரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டுதான் சொன்னார். "வேணும்னே சொல்லாமப் போயிட்டானுங்க சார். மனசுல வஞ்சம். அவனில்லாம கம்பெனி ஓடக் கூடாதுன்னு."

நான் எழுந்து என் வீட்டுக்குப் போனேன். அட்டையைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தபோது அது தேவைப்படவில்லை. ரூபியே பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்க மேசை டிராயர்ல ஒரு கவர் இருக்கும் சார். பாஸ்வேர்டு அதுலதான். அவுக கையாலேயே உங்ககிட்ட குடுத்தாவளே."

மேனேஜர் ஆபீஸுக்குப் போன் போட்டுக்கொண்டே சொன்னார். "அந்தக் கவருங்களா... பிரிக்கவே இல்லீங்களே."

ஆபீஸில் யாரோ பிரித்தார்கள். ரூபி போனை வாங்கிக்கொண்டாள். ஒரு கை பெட்டியின் மேல். ஒன்பது வரியையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒவ்வொரு வரிக்கும் "அடிச்சாச்சா? என்ன வருது?" என்று கேட்டாள்.

"வந்துருச்சுங்க மேடம்" என்று போனிலிருந்து ஒரு குரல் கத்தியது. அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

மேனேஜர் போனை வாங்கித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டார். "சரிங்க, வரேனுங்க" என்றார். ஆம்புலன்ஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

மலர்வளையம் காரின் பின்சீட்டிலேயே போய்விட்டது.

போய் வாங்க ஜெபராஜ். நீங்கள் இல்லாத முதல் நாள். ஓடுகிறது.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். நாளை வேலைக்குப் போனதும் உங்கள் சர்வர் ரூம் கதவின் உட்புறத்தைப் பாருங்கள். யாராவது ஏதாவது எழுதி ஒட்டியிருந்தால், நின்று ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.