கையெழுத்து கேட்ட ஆஸ்பத்திரி

என் மருமகள் எறணாகுளத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். படிப்பு முடித்து வருகிற புதுப் பெண்களுக்கு வேலை பழக்குவதும் அவள் தலையில்தான். அதற்காக அவளுடைய நோயாளிகளில் ஒருவரைக்கூடக் குறைக்க மாட்டார்கள். தன் பத்துக் கட்டிலையும் பார்த்து, பக்கத்தில் நிற்கிறவளின் கையையும் பார்க்க வேண்டும். பழகி முடிந்ததும் அந்தப் பெண்கள் ஜெர்மனிக்குப் பறந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உடனே அடுத்த இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே, அந்த ஆஸ்பத்திரிக்காரர்களைத்தான் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு லீவு நாள். மட்டாஞ்சேரி வீட்டில் மத்தியானத்துக்குக் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்திருந்தேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு புத்தகத்தை விரித்தாள். புதுப் பெண் இன்னின்ன வேலையைத் தனியே செய்வாள் என்று, பழக்கியவள் கையெழுத்துப் போடுகிற புத்தகம். வார்டு இன்சார்ஜ் போனில் பேசியது எனக்கும் கேட்டது.

"ஒரு ஒப்புதானே மோளே, ஒரு கையெழுத்து! நாளைக்கு அவளுக்குத் தனியாப் பார்க்க பெட் கொடுக்கணும். ஆளில்லைன்னு அறியாதா உனக்கு?"

மருமகள் பேனாவைத் திறந்தாள்.

"அந்தப் பொண்ணு தனியா ஊசி போடுவாளா?" என்று கேட்டேன்.

"மாட்டா அத்தே. நேத்துகூட மருந்து அளவை மாத்தி எடுத்தா. நான் பிடிச்சேன்."

"பின்னே என்னத்துக்குடி பேனா?"

"ஒப்பு போட்டா எனக்குப் பழக்க ஒரு ஆள் குறையும். வேற ஒண்ணும் தோணலை."

பக்கத்து வீட்டுக் கிழவருக்கு மாத்திரை கொடுக்கக்கூடச் சீட்டை மூன்று தரம் படிக்கிறவள் அவள். அவளையே இப்படிப் பேச வைத்துவிட்டார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். முப்பது வருஷம் முனிசிபல் வேலையில் தெரு கூட்டினேன். கூட்டாத தெருவுக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. லைன் இன்னும் இருந்தது; போனைப் பிடுங்கினேன்.

"சிஸ்டரே, நான் இவளோட மாமியார். அந்தப் பெட்ல முதல்ல நீங்க போய்ப் படுங்க. அந்தப் பொண்ணு உங்களுக்கு ஊசி போடட்டும். எழுந்து வந்தீங்கன்னா இவ ஒப்பு போடுவா."

மறுபக்கம் போனை வைத்துவிட்டார்கள். மருமகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நாளைக்கும் அவ பக்கத்துல நிக்கப்போறது நான்தானே அத்தே?"

பிறகு அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'இன்னும் பழகவில்லை' என்று எழுதி மூடினாள்.

அடுத்த வாரமே அவளிடம் மூன்றாவதாக ஒரு பெண்ணையும் ஒப்படைத்தார்கள். "நீதானே கண்டிப்பாப் பழக்குறவ" என்றார்களாம்.