ஹைபர்நேட்டுக்கு மாற்றிய மறைந்தோர் பட்டியல்

இன்று பின்னேரம் ஜெர்மனியின் ஹம் நகரில், எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் இருந்தது நான்கு பேர்: பங்குச் சுவாமியார், ரீற்றா அக்கா, டுசல்டோர்ஃபில் ஆய்வு செய்யும் சென்னைப் பிரகாஷ், நான்.

ஞாயிறு பூசையில் வாசிக்கும் மறைந்தோர் பட்டியலை நான் எழுதிய ஜாவா செயலி வைத்திருக்கிறது. முன்பு தரவுத்தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையையும் கையால் எழுதினேன். நீளம்தான், ஆனால் எது எங்கே போகிறது என்று தெரியும். இரண்டு வாரத்துக்கு முன், பிரகாஷ் சொல்லி, அந்தக் கட்டளைகளைத் தானே எழுதும் ஹைபர்நேட் என்ற மென்பொருளுக்கு மாறி, பழைய பெயர்களைப் புதிதாகப் பதிந்தேன். எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டது, நான் எழுதவேண்டியதும் பாதியானது.

அன்றிலிருந்து நிறுத்தாமல் ஓடிய செயலியை இன்றுதான் நிறுத்தித் திறந்தேன். ஒரு பெயரும் இல்லை.

"அக்கா, செட்டிங்ல 'கிரியேட்'னு விட்டுட்டீங்களே! ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்றப்பவும் பெயர் இருக்கிற டேபிளையே அழிச்சுட்டுப் புதுசா போடும்," என்றார் பிரகாஷ்.

"ஒருக்காச் செத்தது போதாதெண்டு ரெண்டாந்தரமும் சாகடிச்சுப் போட்டியே பிள்ளை?" என்றார் ரீற்றா அக்கா.

சுவாமியார் சிரிக்கவில்லை.

பழைய பெயர்கள் என் கொப்பியில் கையால் எழுதியபடி உண்டு. இந்த இரண்டு கிழமையில் கோயில் குடும்பங்களான நீங்கள் தொலைபேசியில் சொன்ன பதினேழு பெயரையும் நேரே கணினியில் பதிந்துவிட்டேன். எல்லாவற்றையும் குறித்து வைக்கும் நான் இதை மட்டும் குறிக்கவில்லை. ஒன்று விடுபட்டாலும், அந்த வீட்டார் பூசையில் வாங்கு இருக்கையில் உட்கார்ந்து, பெயர் வருமென்று காத்துக்கொண்டே இருப்பார்கள்.

எந்த முறை நல்லது என்று பிறகு சண்டை பிடிப்போம். அழுதுகொண்டு சொன்ன பெயரைத் திரும்பக் கேட்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெயரை நாளை மாலைக்குள் இங்கே, இந்தப் பதிவின் கீழ் எழுதுங்கள்.