சிங்கப்பூர் பிளாஸ்டிக் மீன்

என் பொண்ணு சிங்கப்பூர்ல வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கினதும், ஊருக்கு வந்த ஒருத்தர்கிட்ட அவ அம்மாவுக்கு ஒரு புடவையும் எனக்கு ஒரு பிளாஸ்டிக் மீனும் கொடுத்து அனுப்பினா. கொடுவா மீன் பிடிக்கிற தூண்டில்ல கட்டுறதாம். எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. கேலி பண்றாளா, சமாதானத்துக்கு வர்றாளா?

ஏன்னா அவ போறேன்னு சொன்ன நாள்லேர்ந்து அஞ்சு மாசமா நாங்க பேசிக்கலை. நாலு ஏக்கர் நிலத்தை வச்சுக்கிட்டு ஊரான் ஊருக்கு எதுக்குப் போகணும்னு கத்தினேன். அவ கிளம்பின அன்னிக்கு வாசலுக்குக்கூட வராம, மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு வயலுக்குத் தண்ணி கட்டப் போயிட்டேன். போன் வந்தா, "அம்மாகிட்ட பேசு"ன்னு நீட்டிடுவேன். கொழுப்பு, வேறென்ன.

இந்த மீன் வந்ததும் ஒண்ணு தோணிச்சு. இதுல ஒரு கொடுவா பிடிச்சா, "மாட்டிச்சும்மா"ன்னு நானே கூப்பிடலாம். வேற எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியலை.

நன்னிலத்துலேர்ந்து நாகூர்ப் பக்கம் வெட்டாறு கடல்ல சேர்ற இடத்துக்கு ஞாயித்துக்கிழமை பைக்ல போறது என் பழக்கம். உயிர் இறாலைக் கோத்துப் போட்டுட்டு, பீடியைப் பத்த வச்சுக்கிட்டு உட்கார்ந்தாப் போதும். இந்தப் பிளாஸ்டிக் மீனோ, வீசி வீசி இழுக்கணுமாம். அதோட வயித்துல ரெண்டு கொத்து தூண்டில் முள்ளு. ஒவ்வொண்ணு மேலயும் கண்ணாடி மாதிரி ஓர் உறை. மீன் கடிச்சா உறை கிழிஞ்சு முள்ளு இறங்கும்போலன்னு நானே ஒரு நியாயம் கண்டுபிடிச்சுக்கிட்டேன். எங்க வீட்டுல டிவி ரிமோட்டே இன்னும் வாங்கின கவருக்குள்ளதான் இருக்கு. ஃபாரின் சாமானோட உறையைப் பிய்க்க எங்களுக்குக் கை வராது.

முதல் ஞாயிறு தோள்பட்டை கழண்டதுதான் மிச்சம். ரெண்டாவது ஞாயிறு கொடுவா வந்து அடிச்சுது பாருங்க, தூண்டில் நரம்பு அப்படியே அதிர்ந்துச்சு! இழுத்தேன், விட்டுருச்சு. திரும்ப அடிச்சுது, திரும்ப விட்டுருச்சு. வேகமா இழுத்தேன், மெதுவா இழுத்தேன், முடிச்சை மாத்திக் கட்டினேன். என்ன எழவுடா இதுன்னு வாய்விட்டே திட்டினேன். பக்கத்துல வலையை உதறிக்கிட்டிருந்தவர், "அண்ணே, அது முத்தம் கொடுத்துட்டுப் போவுது. பேசாம இறாலைப் போடுங்க"ன்னு சிரிச்சார்.

மூணாவது ஞாயிறும் அதே கதை. வெறுத்துப்போய் அவர்கிட்டயே நாலு உயிர் இறால் வாங்கி, பழைய முள்ளுல போட்டேன். அரை மணி நேரத்துல ரெண்டு கிலோ கொடுவா! அதன் வாயிலேர்ந்து என் முள்ளைக் கழட்டிட்டு, பிளாஸ்டிக் மீனைப் பாதி வெளியே தெரியற மாதிரி திணிச்சு ஒரு போட்டோ எடுத்தேன். வெட்கமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் அனுப்பிட்டு, அங்கேயே மணல்ல நின்னு அவளைக் கூப்பிட்டேன்.

"மாட்டிச்சும்மா. நீ அனுப்பினதுலதான்."

"அப்பாவா?"ன்னா. கொஞ்ச நேரம் போட்டோவைப் பார்த்திருப்பா போல. "அப்பா, முள்ளு மேல இருக்கிற மூடியைக் கழட்டவே இல்லையே? மூடியோட எப்படி மாட்டும்?"

எனக்குக் காதெல்லாம் சூடாயிடுச்சு. கம்பெனிக்காரன் கை குத்தாம இருக்கப் போட்ட மூடி அது. அட மடையான்னு என்னையே சொல்லிக்கிட்டேன்.

"பெயிண்ட்டெல்லாம் உரிஞ்சு கிடக்கு. எத்தனை நாளாப்பா இதைப் போடுறீங்க?"

"மூணு ஞாயிறா"ன்னேன். அதுக்கு மேல மறைக்க முடியலை. "இது இறால்ல மாட்டினதும்மா. உன்கூடப் பேசணும்னு இருந்துச்சு. வேற வழி தெரியலை."

போனைக் காதோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன்.

"பொய் சொல்லவாவது கூப்பிட்டீங்களேப்பா."

அழுறாளா சிரிக்கிறாளான்னு எனக்குப் புரியலை. "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டேன்.